சட்டப் புத்தகமும் எமது குசினியும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



சிறுவரைச் சுரண்டலிலிருந்தும் மனித வியாபாரத்திலிருந்தும் காப்பதற்கு இந்நாட்டிலே இயற்றப்பட்டுள்ள சட்டங்களைப் பற்றி உரையாற்றுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். சட்டங்களை எடுத்து வாசிப்பது எளிது. அவற்றுள் ஒன்றேனும் எமது வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வந்ததுண்டா என்பதே நாம் எம்மைக் கேட்டுக்கொள்ள அஞ்சும் வினா. ஆதலின் அவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றோம்.

எமது சிறுபிராயத்திலே உறவினர் இல்லம் ஒன்றுக்கு விடுமுறைக்குச் செல்வது வழக்கம். அங்கே பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி இருந்தாள். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவளுடைய பெயரும் அவ்வீட்டு மகளின் பெயரும் ஒன்றாயிருந்தமையால் வந்த அன்றே அவளுக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. காலையில் அவ்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும்போது அவர்களுடைய புத்தகப் பைகளையும் சாப்பாட்டையும் படலை வரை சுமந்து வந்து கொடுத்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு அவள் குசினிக்குத் திரும்புவாள். தைப்பொங்கலை அடுத்து அவள் தகப்பன் வந்து முற்றத்தில் நிற்பார்; ஓராண்டுக் கூலியை வாங்கிக்கொண்டு, மகளுடன் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். அவ்வீட்டார் கொடியவர் அல்லர். கோயிலுக்குக் கொடுப்பவர்கள், ஊருக்கு உதவுபவர்கள். "எங்கள் வீட்டுப் பிள்ளைபோல வைத்திருக்கின்றோம்" என்று அவர்கள் சொன்னபோது அதனை உண்மையென்றே நம்பினார்கள். நாமும் நம்பினோம். அவள் கொண்டுவந்து தந்த தேநீரை வாங்கிக் குடித்துக்கொண்டே நம்பினோம்.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றிருப்பதை இங்குள்ள சட்டத்தரணிகள் அறிவர். ஆங்கிலேயர் காலத்திலே, பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலினால், 1816ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாளுக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் ஆவர் என்று உடைமையாளர்கள் இணங்கினார்கள். அந்த இணக்கத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது. பிறப்பால் சுதந்திரம் பெற்ற அப்பிள்ளை பதினான்கு வயது வரை எசமானின் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். எசமான் உணவும் உடையும் அளித்தல் வேண்டும். 1844ஆம் ஆண்டிலே அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது. ஆனால் உணவும் உடையும் கொடுத்துப் பதினான்கு வயது வரை வைத்திருப்பது என்ற அந்த ஏற்பாடு இருக்கின்றதே, அது எமது சமுதாயத்தின் மனத்திலே இன்னொரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றுவிட்டது. சாதியின் பெயரால் அருகிலுள்ளாரை வேலைக்கு அழைப்பது கடினமானபோது மலைநாட்டை நோக்கினோம். அடிமை என்ற சொல்லைக் கைவிட்டோம். வேறு பெயர் சூட்டிக்கொண்டோம்.

இனிச் சட்டங்களுக்கு வருவோம்.

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 1941ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம் ஆகியவை குடியேற்ற ஆட்சியின் இறுதிக் காலத்தில் வந்தவை. இரண்டாவது சட்டத்திலே பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. பெற்றோர் அல்லாத ஒருவர் ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தால் தம்மைக் காப்பாளராகப் பதிவு செய்துகொள்வதற்கான ஏற்பாடு அது. எமது உறவினர் வீட்டார் அவ்வாறு பதிவு செய்திருந்தார்களா? அவர்களும் கேள்விப்பட்டிருக்கவில்லை, அவ்வூர் விதானையாரும் கேட்டதில்லை.

1945ஆம் ஆண்டிலே, கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. சிறுவர் உழைப்புக்கு எதிராக இந்நாட்டில் இயற்றப்பட்ட மிக வலிய சட்டம் அதுவே என்பது எமது கருத்து. அதில் உழைப்பு என்ற சொல்லே இல்லாதிருப்பினும் அஃது அப்படித்தான். பள்ளிக்கூடம் இலவசமான இடங்களில் வயலிலிருந்தும் கடையிலிருந்தும் பிள்ளைகள் தாமாகவே நீங்கினார்கள். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிருவாகங்களின் கையிலேயே நெடுங்காலம் கிடந்தன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டிலேதான். அதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிவிட்டது. வாக்கில்லாதவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்ட எந்த அமைச்சர் அவசரப்படுவார்? எமது குசினிக்கு வந்த அச்சிறுமியை அனுப்பிவைத்தது வறுமை மட்டுமன்று. பாராளுமன்றத்தில் எழுந்த கைகளும் அதற்குப் பங்காளிகள். அக்கைகளுள் தமிழ்க் கைகளும் இருந்தன என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

1956ஆம் ஆண்டு எமக்கு வேறொரு காரணத்தினால் மறக்கவொண்ணாத ஆண்டு. சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றிய அதே பாராளுமன்றம் அதே ஆண்டிலே பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளைத் தொழிலுக்கமர்த்தல் பற்றிய 47ஆம் இலக்கச் சட்டத்தையும் நிறைவேற்றிற்று. முன்னதை எதிர்த்து எமது தலைவர்கள் காலிமுகத் திடலில் அடிபட்டார்கள். அது நியாயமான போராட்டம். பின்னதை எமது வீடுகளிலே நடைமுறைப்படுத்துவதற்கு ஒருவரும் ஒரு கூட்டமேனும் கூட்டியதாக நாம் அறியோம்.

அச்சட்டத்தின்படி நெடுங்காலம் தொழிலுக்கமர்த்தற்குரிய ஆகக் குறைந்த வயது 14ஆக இருந்தது. கட்டாயக் கல்வி வயது 1998ஆம் ஆண்டு முதல் 5 தொடக்கம் 14 வரை என நடைமுறைக்கு வந்து, 2016ஆம் ஆண்டிலே 16 வரை உயர்த்தப்பட்டது. ஆயினும் தொழில் வயது 14இலேயே நின்றது. ஆக, ஒரு சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்றது. மற்றொரு சட்டம் அதே பிள்ளையை வேலைக்குப் போகலாம் என்றது. இம்முரண் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, தொழில் வயதும் 16ஆக உயர்த்தப்பட்டபோதே நீங்கியது. 18 வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தல் ஆகாது என்ற விதியும், அத்தொழில்களின் பட்டியலும் உள. அப்பட்டியல் 2010இலே 51 தொழில்களைக் கொண்டதாக வெளிவந்து, பின்னர் விரிவாக்கப்பட்டது.

தண்டனை என்ன? 2003ஆம் ஆண்டின் திருத்தத்தில் வைக்கப்பட்ட உச்ச அபராதம் 10,000 ரூபா. சிறை 12 மாதம். அத்தொகை யாரை அச்சுறுத்தும்?

இதனினும் கடுமையான சட்டம் தண்டனைச் சட்டக்கோவையிலே இருக்கின்றது. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஏனெனில் கற்றவர்களும் அதனைத் தவறாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தமே சிறுவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதைத் தனிக் குற்றமாக்கிற்று. பெண் பிள்ளையின் இணக்கத்துக்குரிய வயதை 12இலிருந்து 16ஆக உயர்த்திற்று. 1883ஆம் ஆண்டிலே எழுதிய 12 என்ற எண் நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் அசையாது நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் கடன் அடிமைத்தனத்தையும் வலுக்கட்டாய உழைப்பையும் குற்றமாக்கி, மனித வியாபாரத்துக்கு விரிந்த வரைவிலக்கணம் தந்தது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராயின் தண்டனை மூன்று ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை.

மனித வியாபாரம் என்றதும் எம்மவர் கண்முன் வருவது கைகால் கட்டி இரவோடிரவாகக் கப்பலேற்றும் காட்சி. சட்டம் அதனைக் கேட்கவில்லை. வயது வந்தவராயின் ஏமாற்றோ, பலவந்தமோ, அதிகாரத் துஷ்பிரயோகமோ காட்டப்படல் வேண்டும். பிள்ளையாயின் அது வேண்டியதில்லை. சுரண்டும் நோக்குடன் ஒரு பிள்ளையை ஆட்சேர்த்தல், இடம்பெயர்த்தல், ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய செயல்களே குற்றம். பிள்ளை "சம்மதம்" என்று சொன்னாலும் குற்றம்; தகப்பன் தானே கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டாலும் குற்றம். ஏற்றுக்கொள்ளுதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். தரகரை மட்டும் அச்சொல் குறிக்கவில்லை.

நாடு தழுவிய முயற்சிகளையும் நாம் மறைக்கவில்லை. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டிலே உறுதிப்படுத்தியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. சர்வதேசத் தொழில் அமைப்பின் இரு முக்கிய சமவாயங்களும் 2000, 2001ஆம் ஆண்டுகளிலும், மனித வியாபாரம் பற்றிய ஐக்கிய நாடுகளின் நெறிமுறை 2015ஆம் ஆண்டிலும் ஏற்கப்பட்டன. குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணிப்பிலே 2008/2009இல் 107,259ஆக இருந்த சிறுவர் உழைப்பாளர் தொகை 2016இல் 43,714ஆகக் குறைந்தது. இது உண்மையான முன்னேற்றம். இதனைப் பாராட்டாமல் விடுவது நேர்மையன்று. ஆயினும் அந்த 43,714 பேரில் 39,007 பேர் ஆபத்தான வேலைகளிலேயே இருந்தார்கள். மேலும், கணக்கெடுப்பவர் வாசலில் நின்று கேட்கும்போது விடை சொல்பவர் வீட்டுக்காரரே. குசினியில் நிற்கும் பிள்ளையை அவர் எவ்வாறு குறிப்பிடுவார்? "எங்கள் உறவுப் பிள்ளை" என்பார்.

பிள்ளை வியாபாரத்திலே இந்நாடு ஏடறிந்த வரலாறு ஒன்றும் உடையது. 1980ஆம் ஆண்டுகளிலே ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் மகவேற்றல் என்ற பெயரில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தைகளைப் பணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த இல்லங்களுக்குக் குழந்தைப் பண்ணைகள் என்றே பெயர் வழங்கியது. பொய்ப் பிறப்புச் சான்றிதழ்களும், தாயாக நடிக்க வந்த பெண்களும் உண்டு. 2017ஆம் ஆண்டிலே ஒல்லாந்தில் ஒளிபரப்பான விவரணப் படம் ஒன்றின் பின்னர் அன்றைய சுகாதார அமைச்சர் அம்முறைகேடுகளை ஒப்புக்கொண்டார். சுவிற்சர்லாந்து அரசாங்கம் 2020ஆம் ஆண்டிலே தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. 1992இலே சட்டம் இறுக்கப்பட்டு, நாடுகளுக்கிடையிலான மகவேற்றல் பற்றிய ஹேக் சமவாயத்தை முதன்முதல் உறுதிப்படுத்திய மூன்று நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்கியது. அவ்வியாபாரம் பெரிதும் அடங்கிற்று. சட்டத்தை மெய்யாகவே நடைமுறைப்படுத்த அரசாங்கம் விரும்பினால் அது முடியும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்கின்றோம்.

அன்பர்களே, எமது இனத்தின் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது போரைத் தவிர்த்துப் பேசுவது கோழைத்தனம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் கைகளில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. இயக்கம் அதனைச் செய்தது. 2004ஆம் ஆண்டிலே கிழக்கில் பிரிந்துபோன அணியும் செய்தது. அப்பிரிந்த அணியின் ஆட்சேர்ப்புக்கு அரச படையினருள் சிலர் துணைநின்றனர் என்று 2006 நவம்பரில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் ஆலோசகர் அலன் ரொக் வெளிப்படையாகக் கூறினார். அதே 2006ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் திருத்தமே ஆயுதப் போருக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதைக் குற்றமாக்கிற்று என்பது வரலாற்றின் கசப்பான பொருத்தம். போர் முடிந்தபின் 594 சிறுவர் புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பினர். 2009 மே மாதத்திலே குடும்பத்தோடு படையினரிடம் கையளிக்கப்பட்ட சிறுபிள்ளைகளைப் பற்றித் தாய்மார் கேட்கும் வினாவுக்கோ அரசாங்கம் விடை தரவில்லை. அவ்விடையைக் கேட்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் எமது பக்கத்தில் பிடிக்கப்பட்ட பிள்ளைக்காக அந்நாளில் எம்முள் எத்தனை பேர் வாய் திறந்தோம்? பயம் காரணம் என்பீர்கள். ஆம், பயம்தான். குசினியில் நிற்கும் பிள்ளைக்காக வாய் திறப்பதற்கு எந்தத் துப்பாக்கி தடுத்தது?

2009 ஆகஸ்டிலே, கொழும்பில் வீட்டு வேலை செய்த மலைநாட்டுச் சிறுமியர் இருவரின் சடலங்கள் அந்நகரின் கால்வாய் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டன. 2021 ஜூலையிலே, தொழில் வயது உயர்த்தப்பட்டு ஆறு மாதமளவில், தோட்டமொன்றிலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிர் நீத்தாள். இரு தருணங்களிலும் ஊர்வலங்கள் நடந்தன. ஊர்வலத்தில் நடந்தவர்களுள், வீட்டில் அத்தகைய பிள்ளை ஒன்றை விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நாம் ஐயுறுகின்றோம்.

லயத்திலே வாழும் ஒரு குடும்பம் பிள்ளையை அனுப்புவது எவ்வாறு என்பதைக் கேட்டறிந்தவர்கள் நாம். முதலில் வருபவர் அந்நியர் அல்லர், அயலவரோ உறவினரோதான். வைத்தியச் செலவு, திருமணக் கடன், அடகிலுள்ள நகை என ஏதோ ஓர் இடர் வந்த வேளையிலே அவர் வருவார். ஒரு தொகையை முற்பணமாகத் தருவார். "பிள்ளைக்கு நல்ல சாப்பாடு, இரவில் படிப்பிக்கவும் செய்வார்கள்" என்பார். அம்முற்பணம் கழியும் வரை பிள்ளை திரும்பி வர முடியாது. தரகர் இரு பக்கமும் பணம் பெறுவார். இதற்குச் சட்டத்திலே கடன் அடிமைத்தனம் என்று பெயர். முற்பணம் கொடுத்த எம்மவருக்கு அது "உதவி".

கமக்காரப் பெருமக்களே, எமது சொல் உத்தியோகத்தரை மட்டும் சுடவேண்டியதில்லை. வெங்காயம் கிண்டும் காலத்திலும் அரிவு வெட்டுக் காலத்திலும் பள்ளிக்கூட வாங்குகள் வெறுமையாவதை எந்த ஆசிரியரும் சொல்வார். தம் சொந்தப் பிள்ளை, பள்ளிக்கூட நேரத்துக்குப் புறம்பே, பெற்றாரோடு நின்று இலகுவான தோட்ட வேலை செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, நாமும் தடுக்கவில்லை. தண்ணீர் மாறப் பழகாத பிள்ளை கமத்தை அறியாது. ஆனால் அயலான் பிள்ளையை நாட்கூலிக்கு இறக்குவது வேறு. எந்தப் பிள்ளையின் முதுகிலும் மருந்து தெளிகருவியை ஏற்றுவது அதனினும் வேறு. கிருமிநாசினி கையாளும் வேலை 18 வயதுக்குட்பட்டோருக்கு ஆகாது. பெரியவருக்கே தலை சுற்றுகின்றது. இது வைத்தியர் சொல்லித்தான் தெரிய வேண்டிய சங்கதியா?

ஒரு பிள்ளையை இத்தகைய நிலையில் காண்பவர் செய்யக்கூடியது என்ன? 1929 என்ற தொலைபேசி எண் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சிறுவருக்குரிய உத்தியோகத்தர் உளர். பொலிஸ் நிலையத்திலே பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. 1999ஆம் ஆண்டின் சட்டத்தினால், பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்கவும் வழியுண்டு. பிள்ளை தனக்கு நேர்ந்ததை மன்றுக்கு மன்று ஏறித் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய கொடுமை அதனால் குறையும். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் காக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்டது.

இவையெல்லாம் இருந்தும், தமிழ்ப் பிள்ளை ஒன்றின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காத தாளிலே தாயின் கைநாட்டு வாங்கப்படும் நிலை தொடருமாயின் அச்சட்டங்களால் யாது பயன்? தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறிற்று. அத்திருத்தமே நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளையும் மாகாணங்களிடம் ஒப்படைத்தது. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் கழிந்தன; எமது பிள்ளைகளைப் பற்றிய அதிகாரம் ஆளுநரின் மேசைக்குப் போயிற்று. மொழியுரிமையும் அதிகாரப் பகிர்வும் உத்தியோகம் தேடுவோரின் கோரிக்கை என்று நையாண்டி செய்பவர்களுக்கு நாம் காட்ட விரும்புவது பொலிஸ் நிலையத்து வாங்கிலே வாய் மூடி அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவற்றைத் தொடர்ந்து கேட்போம். அபராதத் தொகை உயர்த்தப்படல் வேண்டும். மேற்பார்வைக்கு வரும் தொழில் உத்தியோகத்தருக்கு வீட்டுப் படலையைத் திறப்பிக்கும் தெளிவான அதிகாரம் வேண்டும். மலைநாட்டிலே பிறப்புப் பதிவில்லாத பிள்ளை ஒன்றும் இராதபடி செய்தல் வேண்டும். பதிவில்லாத பிள்ளைக்குத் தரகர் சொல்லுவதே வயது. ஆனால் இவற்றுள் எதுவும் இன்றிரவு நடக்கப்போவதில்லை. இன்றிரவு செய்யக்கூடியதொன்று உண்டு.

எமது உறவினர் வீட்டுச் சிறுமியைப் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தோம். பதினைந்து வயதளவில் அவள் ஊருக்குத் திரும்பினாள். எழுத்து அறியாமலே திரும்பினாள். அவ்வீட்டு மகள் வைத்தியரானார். பல ஆண்டுகளின் பின் அவ்வைத்தியர் அவளைத் தேடித் தோட்டத்துக்குச் சென்றார். அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவர் கேட்ட பெயர், தம் வீட்டார் சூட்டிய பெயர். அவளுக்குப் பிறப்பில் இட்ட பெயர் தம்முடைய பெயரேதான் என்பது ஊருக்குத் திரும்பி வந்தபின்னரே அவருக்கு நினைவு வந்ததாம்.

இக்கூட்டத்தின் முன்னே ஒரு தீர்மானத்தை வைக்கின்றோம். 16 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையையும் வேலைக்கு வைத்திருப்பவர் எமது சனசமூக நிலையத்திலோ, கமக்காரர் சங்கத்திலோ, கோயிற் சபையிலோ பதவி வகிக்கலாகாது. இப்பொழுது வைத்திருப்பவர்கள், வருகின்ற தைப்பொங்கலுக்கு முன், பிள்ளையைப் பிரதேச செயலக உத்தியோகத்தர் முன்னிலையில் பெற்றாரிடம் சேர்த்து, உழைத்த காலத்துக்கான முழுக் கூலியையும் பிள்ளையின் பெயரில் வங்கியில் இடுதல் வேண்டும். கொடுத்த முற்பணத்தைக் கழித்தல் ஆகாது. அப்பிள்ளைக்கு வரும் ஆண்டில் பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய செலவைச் சங்கம் ஏற்கும். முதல் நூறு குடும்பங்களின் சந்தாவிலிருந்து அதற்கு ஒரு நிதி தொடங்கப்படும்.

தீர்மானத்தைச் செயலாளர் இப்பொழுது வாசிப்பார். எதிர்ப்பவர்கள் எழுந்து நின்று தம் காரணத்தைச் சொல்லலாம். நாம் கேட்பதற்கு அமர்கின்றோம்.